மைனர் போடும் கையெழுத்து

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை. மூச்சு விட இடமில்லை. விற்பனையாளர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், 10 வயது மகளிடம் நேராகப் போனார். ‘‘பாப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும்?’’ அவள் கை காட்டினாள். பில் போட்டாகிவிட்டது! அடுத்து பட்டாசு, பொம்மை என்று பர்ஸ் காலி. எனக்கும் மனைவிக்கும் ‘பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்’ என்று வீடு திரும்பினோம்.

பி.காம். படித்தபோது வணிகச் சட்ட வகுப்பில் மாய்ந்து மாய்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு, மொஹரி பீபி வழக்கில் 1903-ல் ப்ரிவி கவுன்சில் தந்த விளக்கம். மைனர் போடும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது! ஆனால், நம் வீட்டில்? புது டி.வி. தொடங்கி பைக் நிறம் வரை மைனர் சொல்வதுதான் செல்லும்.

இதை வியாபாரிகள் எப்போதோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஜேம்ஸ் மெக்நீல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குழந்தையை மூன்று சந்தையாகப் பிரித்தார். தன் கைக்காசில் வாங்குவது ஒன்று. பெற்றோரை வாங்கவைப்பது இரண்டு. நாளைக்கு வளர்ந்து வாங்கப்போவது மூன்று. ஒரே பிள்ளை, மூன்று கல்லா!

ஸ்வீடனில் 12 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைக்கும் டி.வி. விளம்பரத்துக்கு 1991-லேயே தடை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1980 முதலே இந்தப் பாதுகாப்பு. நம் ஊரிலும் 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. ‘இதை வாங்கு’ என்று குழந்தையிடம் நேரடியாகச் சொல்லக் கூடாது. ‘அப்பாவை வாங்கித் தரச் சொல்லு’ என்று தூண்டிவிடவும் கூடாது. நல்ல விதிதான். ஆனால், செல்போனில் ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறானே... அது விளையாட்டா, விளம்பரமா? பார்க்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்?

சரி, வியாபாரியை மட்டும் திட்டி என்ன பயன்? என் அப்பா ஒரே பீஸ் துணியை வெட்டி எங்கள் மூன்று பேருக்கும் சட்டை தைத்துவிடுவார். எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவும் நியாயமில்லைதான். அந்தக் குறையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று நாம் மறுகோடிக்குப் போய்விட்டோம். பிள்ளையிடம் கலரைக் கேட்கிறோம்; விலையைச் சொல்வதில்லை. வருஷம் முழுக்க ஆபீஸிலேயே கிடந்த குற்றவுணர்ச்சிக்கு, பண்டிகையன்று வட்டியோடு செட்டில்மென்ட்!

இந்த முறை போனஸ் வந்ததும், தொகையை ஒரு தாளில் எழுதி மகளிடம் நீட்டினேன். ‘‘நம்மகிட்ட இருக்கறது இவ்வளவுதான். நீயே லிஸ்ட் போடு.’’

அரை மணி நேரம் பென்சிலைக் கடித்தாள். கூட்டினாள், அழித்தாள். பட்டாசுத் தொகையில் கொஞ்சம் வெட்டினாள். பாட்டிக்குப் புடவை எழுதினாள். அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள்.

‘‘போன வருஷம் உனக்கும் அம்மாவுக்கும் எதுவுமே எடுக்கலையாப்பா?’’

‘‘இல்லம்மா. காசு பத்தலை.’’

‘‘அதை ஏன் எங்கிட்ட சொல்லலை?’’