விலை ஜாபிதாவில் ஏறாத சேலை

பழைய கடைக் கேட்லாக்குகளைப் புரட்டி அந்தக் கால மனிதர் உடுத்தியதையும் புழங்கியதையும் தேடுவது மேல்நாட்டில் வேரூன்றிவிட்ட ஆய்வு. லண்டன் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸின் 1907ஆம் ஆண்டு கேட்லாக்கை 1969இல் மறுபதிப்பே செய்தார்கள். அந்தக் கடைக்கு 1891 முதல் பம்பாயிலும் கிளை இருந்தது. சோலார் தொப்பி, கூடாரம், டின் உணவு எல்லாம் அந்தக் கேட்லாக்கில் இருக்கும். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கிய துரையின் பெட்டிக்குள் என்ன இருந்திருக்கும் என்று அதை வைத்து ஊகிக்கலாம். பெட்டியைத் தலையில் சுமந்தவரின் வேட்டி எத்தனை முழம் என்று அதில் தெரியாது.

அதற்கு வேறு கேட்லாக் வேண்டும். இந்தியா ஆபீஸில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் 700 துணி மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக்கினார். மொத்தம் 20 செட். பிரிட்டனுக்கு 13, இந்தியாவுக்கு 7. இதில் தர்மகாரியம் ஒன்றும் இல்லை. ஆங்கில ஆலைக்காரர்கள் நம் துணியைப் பார்த்து நெய்து நமக்கே விற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விற்கிற கவலை அவர் கண்ணைக் கூர்மையாக்கியது. தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தும் தலைப்பாகை, வேட்டி, சேலையைத் தனியாகவும், வெட்டித் தைக்கும் துணியைத் தனியாகவும் வகுத்தார். நீளம், அகலம், எடை குறித்தார். ஜரிகைக்காரர்களை நம்பிப் பயனில்லை, மலிவான சாதாத் துணி உடுத்தும் கோடிக்கணக்கான எளியவர்களே சந்தை என்றும் கண்டார். எந்தப் பாராட்டு நூலைவிடவும் இந்த வியாபாரக் கணக்கே அன்றாட உடைக்கு நல்ல சாட்சி என்பேன்.

நம் கடற்கரைக்குத் துணிப் பட்டியல் புதிதும் அல்ல. மரக்காணத்துக்குத் தெற்கே கூனிமேட்டில் 1682இல் கிழக்கிந்தியக் கம்பெனி கிடங்கு போட்டது துணிக்காகத்தான். லாங்கிளாத், சீட்டி என்று கம்பெனி ஆர்டர்கள் பேசுகின்றன. பின்னாளில் அவுரியில் தோய்த்த நீலத்துணி புதுச்சேரியிலிருந்து செனகல் வரை போனது. இவையெல்லாம் கப்பலேறிய துணிகள். உள்ளூர் உடம்பில் ஏறியதைப் பற்றி அவை பேசுவதில்லை.

1877இல் வி.பி.பி., அதாவது பொருளைப் பெறும்போது தபால்காரரிடம் பணம் கட்டும் முறை, வந்தது. ரயிலும் அந்த வாக்கில்தான் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தொட்டது. புதுச்சேரிக் கிளைப்பாதை 1879. பட்டணத்துக் கடிகாரமும் தைலமும் தபால்காரர் கையில் ஊருக்குள் நுழைய வழி பிறந்தது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசனே முன்பு மெயில் ஆர்டர் வியாபாரம் செய்தவர். ‘கேட்லாக் இனாம்’ என்று வந்த தாள்களை யார் பத்திரப்படுத்துவார்கள்? எஞ்சிய அச்சுத்தாள்களைத் தேட, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

அச்சுத்தாளுக்கும் கீழே இறங்க வேண்டுமானால் கோர்ட் ஜப்திப் பட்டியல்களைப் பார்க்கலாம். அவற்றிலும் ஓட்டை உண்டு. 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, கடனாளி குடும்பத்துக்கு அவசியமான உடை, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றையும், மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகையையும் ஜப்தி செய்ய விடாது. கைவினைஞரின் கருவிகளையும் அப்படியே. அமீனா எழுதியது பீரோவையும் கடிகாரத்தையும்தான். கட்டியிருந்த சேலையும் சோறு வடித்த பானையும் அவர் பட்டியலில் ஏறவில்லை. அந்தப் பாத்திரங்களில் பித்தளை அண்டாவும் குடமும் மட்டும், வீட்டார் தாமே தூக்கிக்கொண்டு போனபோது, அடகுக்கடைப் பேரேட்டில் எடையோடு ஏறின.