மருத்துவ மாதும் நர்ஸம்மாவும்

சென்னை மாகாணத்தில் செவிலியரையும் பிரசவம் பார்ப்பவர்களையும் பதிவு செய்யும் சட்டம் 1926இல் வந்தது. இலங்கையின் மருத்துவக் கட்டளைச் சட்டம் 1927இல் வந்தது. இரண்டுக்கும் ஓராண்டுதான் இடைவெளி, இரண்டு நிலத்தையும் ஆண்டதும் ஒரே முடியரசு. ஆனால் பேறு பார்க்கும் பெண்ணுக்கு இலங்கையில் தனிப் பெயரும் தனி வழியும் கிடைத்தன. இங்கே, தமிழ்நாட்டில், அவள் செவிலியின் நிழலிலேயே நின்றுவிட்டாள்.

இலங்கைத் தமிழர் நர்ஸைத் தாதி என்பார்கள், பேறு பார்ப்பவளை மருத்துவ மாது என்பார்கள். ஊருக்குள் வீடு வீடாக வருபவர் குடும்பநல உத்தியோகத்தர், பேச்சில் மிட்வைஃப். பெயர்கள் வேறாக இருப்பது போலவே பதிவேடுகளும் வேறு. தாதியருக்கென 1988இல் தனிச் சட்டம் வந்த பிறகும், மருத்துவ மாதின் பெயர் மருத்துவர்களைப் பதிவு செய்யும் இலங்கை மருத்துவச் சபையிலேயே ஏறுகிறது. அந்தப் பதிவில்லாமல் கூலிக்குப் பேறு பார்ப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அங்கே தாதியாகாமலே மருத்துவ மாது ஆகலாம். பெண்களுக்கு மட்டுமான பணி இது. சுகாதார அமைச்சே விண்ணப்பம் கோரி ஆளெடுக்கிறது, பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் தருகிறது. பயிற்சி 18 மாதம். முதல் ஓராண்டு தாதியர் பாடசாலையிலும் மகப்பேற்று விடுதியிலும் கழியும், மீதி ஆறு மாதம் களத்தில். களத்துப் பயிற்சி என்றால் களுத்துறையை நினைக்காமல் இருக்க முடியாது. நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் அங்கேதான் தொடங்கியது.

இனி நம் பக்கம். இங்கே பிரசவம் பார்க்கும் உரிமை செவிலியர் படிப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தாலும் நான்காண்டு பி.எஸ்சி. முடித்தாலும் மாநிலக் கவுன்சிலில் செவிலியர், மிட்வைஃப் என்று இரண்டு பதிவும் சேர்ந்தே கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு ஏ.என்.எம். (ஆக்ஸிலரி நர்ஸ் மிட்வைஃப்) என்ற இரண்டாண்டுப் படிப்பும் உண்டு. அதன் பெயரிலேயே அவள் 'துணை' செவிலியாகிவிடுகிறாள். அந்தச் சொல் எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஏ.என்.எம். ஒரு காலத்தில் பிரசவத்தை மையமாக வைத்த படிப்பு. மத்திய அரசின் கர்த்தார் சிங் குழு 1973இல் பல்நோக்குப் பணியாளர் என்ற யோசனையைச் சொன்னது. 1977இல் படிப்பு 18 மாதமாகக் குறைந்தது. குடும்பக் கட்டுப்பாடு, தடுப்பூசி, பதிவேடுகள் என்று வேலை பெருகப் பெருக, பிரசவம் அவள் கையைவிட்டு நழுவியது. பிறகு படிப்பை மறுபடி இரண்டாண்டாக்கினார்கள், நழுவிய கைப்பழக்கம் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் ஏ.என்.எம். படித்து வந்து, நாம் நர்ஸம்மா என்று கூப்பிடும் கிராம சுகாதாரச் செவிலியர்தான் கர்ப்பத்தைப் பதிவு செய்கிறார், வீடு தேடி வந்து விசாரிக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் பிரசவமோ ஸ்டாஃப் நர்ஸ் கையில்.

இலங்கையிலும் வீடு வீடாகப் போகும் மருத்துவ மாது இன்று பேறு பார்ப்பது அரிது, ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. ஆனாலும் அங்கே விடுதியில் பேறு பார்ப்பவளும் வீட்டுக்கு வந்து வயிறு தொட்டுப் பார்ப்பவளும் ஒரே தொழிலைக் கற்றவர்கள். அந்த நாட்டில் தாய் மரணம் குறைந்ததற்கு இது மட்டுமே காரணமென்று சொல்ல மாட்டேன். இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் உடன் நின்றன. ஆனால் இந்தப் பெண்களை விட்டுவிட்டு அந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இந்திய அரசு 2018இல் பேறுகாலப் பணிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, செவிலியருக்கு மிட்வைஃபரியில் மேற்பயிற்சி அறிவித்தது. அதுவும் 18 மாதம்தான். ஆனால் அதில் சேர முதலில் செவிலியர் படிப்பை முடித்திருக்க வேண்டும், பிரசவம் பார்த்த அனுபவமும் வேண்டும். பள்ளி முடித்த பெண் "எனக்குப் பிரசவம் பார்க்கும் வேலைதான் வேணும்" என்றால், கிளிநொச்சியில் அதற்கென்றே ஒரு விண்ணப்பம் உண்டு. விழுப்புரத்தில் அவளைச் செவிலியர் பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள்.

1947ஆம் ஆண்டின் செவிலியர் கவுன்சில் சட்டத்தை மாற்றி, 2023இல் தேசியச் செவிலியர், மிட்வைஃபரி ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயரில் அந்தத் தொழிலுக்கு இடம் கிடைத்துவிட்டது. அந்த விழுப்புரத்துப் பெண் நேராகச் சேரும் ஒரு படிப்பையும், அவளுக்கென்று ஒரு பதிவேட்டையும் ஆணையம் திறக்க வேண்டும்.