சேலையும் சுற்றுநிருபமும்

உடை தனிமனித விருப்பம் என்பர் சிலர். பண்பாட்டுச் சின்னம் என்பர் வேறு சிலர். வேலைத்தலத்தின் வாயிலிலோ அது அதிகாரத்தின் அளவுகோலாகி விடுகின்றது. 2019 மே மாத இறுதியிற் பொது நிருவாக அமைச்சு விடுத்த சுற்றுநிருபம் இதற்குத் தக்க சான்றாகும். அரச அலுவலகங்களிற் பணிபுரியும் பெண்கள் சேலையோ ஒசரியோ அணிதல் வேண்டும் என்றது அது. ஆண்களுக்குக் காற்சட்டையும் சேட்டும் போதுமாயிருந்தன. மேல்நாட்டுடை ஆணுக்குப் பொருந்துமாயின், பண்பாட்டைச் சுமக்கும் கடமை பெண்ணுக்கு மட்டும் எங்ஙனம் வந்தது? அவ்வாண்டு ஏப்ரற் குண்டுவெடிப்புகளை அடுத்து வந்த அவ்வாணை முஸ்லிம் பெண்களையே பெரிதும் தாக்கிற்று. எதிர்ப்பெழுந்த பின்னரே அது தளர்த்தப்பட்டது.

ஆயினும், அரசைக் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. 2018 ஏப்ரலிலே, திருகோணமலை இந்து மகளிர் கல்லூரியொன்றின் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவதை எதிர்த்துத் தெருவில் நின்றோர் தமிழரே. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதைத் தடுத்தோரும் ‘வழக்கம்’ என்ற சொல்லையே கேடயமாகக் கொண்டனர் என்பதை நாம் மறக்கலாமா? அபாயாவை அணியுமாறு அப்பெண்ணின் சமூகத்து ஆடவர் கட்டளையிடுவாராயின், அதுவும் கட்டளையே. அதனை எதிர்க்கும் உரிமை அவளுக்கே உரியது. அதிபரோ அமைச்சோ அவ்வுரிமையைக் கையேற்க இயலாது.

அங்ஙனமாயின், தொழில் தருவோர் உடைபற்றி எதுவுமே கூறலாகாதா? கூறலாம். கட்டடத் தொழிலாளிக்குத் தலைக்கவசமும் வைத்தியசாலைத் தாதிக்குக் கையுறையும் வேண்டும். அவை தொழிலின் தேவையிலிருந்து பிறப்பவை; உயிரைக் காப்பவை. அவற்றைத் தன் செலவில் வழங்குவதும் தொழில் தருவோர் கடமையே. ஆனால் ‘கண்ணியம்’ என்ற சொல்லின் பின்னே ஒளிந்துவரும் கட்டளை எத்தேவையிலிருந்து பிறந்தது? கணிதத்தைக் கற்பிப்பது ஆசிரியையேயன்றி அவள் உடுத்த சேலையன்று.

பொருளாதார நெருக்கடி மக்களை வாட்டிய 2022 ஆம் ஆண்டின் நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறுடை அணிந்து பாடசாலை சென்றனர். சேலையே ஆசிரியையின் உடை என்றது கல்வி அமைச்சு. அச்சேலையை வாங்குவதும், துவைத்து மடிப்பதும், நெரிசல் மிக்க பஸ்சில் அதனைக் காத்துக்கொள்வதும் ஆசிரியையின் பாடு.

சம்பளம் உழைப்புக்கு விலை, உடலுக்கு விலையன்று. ஆசிரியர் சங்கங்கள் இதனை ஆசிரியைகளின் சில்லறைக் குறையென ஒதுக்காது, சம்பளக் கோரிக்கையோடு ஒருசேர முன்வைத்தல் வேண்டும். சேலை உடுப்போரும் அபாயா அணிவோரும் ஓரணியில் நின்று கேட்கும் நாளிலேயே அக்கோரிக்கை வலுப்பெறும்.