பழைய ஹெட்டா, புதிய ஹெட்டா?

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆயினும் அதைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். சிலிண்டர் ஹெட் பழுதானால் என்ன செய்வது? வேலூர் லாங் பஜாரில் கேட்டாலும் சரி, வேறெங்கு கேட்டாலும் சரி, "கம்பெனி இரும்புக்கு ஈடில்லை, சீவிப் போடு" என்பர் ஒரு சாரார். "புதியதை வாங்கிப் பூட்டு" என்பர் மறு சாரார். இரண்டுமே அரைகுறை விடைகள்.

அம்பாசடரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில் ஹெட் வார்ப்பிரும்பாலானது. வால்வு அமரும் சீட் அந்த இரும்பிலேயே கடையப்பட்டது. முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம், சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து காத்தது. நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது; உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆனால் படலம் இல்லாதபோது, சூடேறிய புகைபோக்கி வால்வு சீட்டில் நுண்ணளவில் ஒட்டிப் பிய்கிறது. சீட் தேய்ந்து உள்ளிறங்குகிறது. எனவே வால்வை அரைத்து, முகத்தைச் சீவினால் மட்டும் போதாது. கடினமாக்கிய எஃகு வளையத்தைச் சீட்டில் பொருத்துவதே முழுமையான பழுதுபார்ப்பு.

சீவுவதற்கும் எல்லை உண்டு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 372 கன செ.மீ. அமுக்க விகிதம் 8 எனக் கொண்டால், எரியறை 53 கன செ.மீ. இருக்கும். சீவியதில் அது 2 கன செ.மீ. குறைந்தாலே விகிதம் 8.3 ஆகிவிடும். மேலும் சீவினால் எஞ்சின் 'தட்டும்'.

சீட்டுகளுக்கிடையே விரிசல் கண்டால் பழையதைக் கைவிடுவதே அறிவு. வாங்கும் புதியதிலும் வளையம் உண்டா, முகம் சமதளமா என்று சோதிக்க வேண்டும். புரட்டிப் பார்க்காமல் தோலுக்கு விலை பேசாதவர்கள் நாம். இரும்பை மட்டும் பெயரைக் கேட்டு நம்பலாமா?