வீட்டிலிருந்தே தொடங்கும் தீர்ப்பு

விக்கிரக ஆராதனைக்கும் கர்த்தருடைய நாமத்தை இழிவுபடுத்துவதற்கும் வரும் நியாயத்தீர்ப்பைப் பற்றி வேதாகமம் விரிவாகப் பேசுகிறது. நியாயப்பிரமாணம், இராஜாக்களின் வரலாறு, தீர்க்கதரிசிகள், பின்வந்த யூத ரபீமார், அப்போஸ்தலர் என ஒவ்வொரு மரபுக்கும் தனி அளவுகோல் உண்டு. ஆனாலும் ஒரு நெறியில் எல்லாம் ஒன்றுபடுகின்றன: நாமத்தைத் தரித்தவர்களிடமே முதலில் கணக்குக் கேட்கப்படும்.

சீனாய் மலையடிவாரத்தில் பொன் கன்றுக்குட்டியை வணங்கியவர்கள், செங்கடலைக் கடந்து வந்த அதே ஜனங்கள். மோசே அந்தக் கன்றுக்குட்டியைச் சுட்டெரித்து, பொடியாக அரைத்து, தண்ணீரில் தூவி அவர்களையே குடிக்கவைத்தார். அன்று ஏறக்குறைய 3,000 பேர் மாண்டார்கள். அதே அதிகாரத்தில், இவர்களை அழித்தால் எகிப்தியர் என்ன சொல்வார்கள் என்று மோசே மன்றாடுகிறார். தண்டனைக்குக் காரணமான நாமமே இரக்கத்துக்கும் காரணமாகிறது.

இவ்வளவு கடுமையான சட்டம் விசாரணையிலும் கறாராக இருந்தது. கேள்விப்பட்டதை நன்றாய் ஆராய வேண்டும், இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் உயிர்த்தண்டனை கூடாது என்கிறது உபாகமம். தேவதூஷணத்தில் சுதேசிக்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்கிறது லேவியராகமம்.

இராஜாக்களின் புத்தகங்கள் அரண்மனைகளை இதே கோலால் அளக்கின்றன. பெத்தேலிலும் தாணிலும் யெரொபெயாம் நிறுத்திய கன்றுக்குட்டிகளின் பாவம் வடதேசத்து அரசர்களை விடாமல் தொடர்கிறது. கி.மு. 722-ஐ ஒட்டி சமாரியா அசீரியரிடம் வீழ்ந்ததற்கும் அந்த நூலாசிரியர் இதையே காரணமாக எழுதுகிறார்.

தீர்க்கதரிசிகள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து பார்க்கிறார்கள். எரேமியா காட்டும் எருசலேம் தெருவில் பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள். எல்லாம் வானராக்கினிக்குப் பணியாரம் சுடுவதற்காக. திருடி, கொலைசெய்து, பொய்யாணையிட்டு, பிறகு ஆலயத்தில் வந்து நிற்பவர்களையும் அவர் அதே மூச்சில் கண்டிக்கிறார். எசேக்கியேலின் தரிசனத்திலோ எழுபது மூப்பர்கள் தூபகலசம் ஏந்தி, சுவரில் வரைந்த உருவங்களுக்கு இருட்டில் தூபம் காட்டுகிறார்கள். சணல்நூல் உடுத்தி மைக்கூட்டை இடுப்பில் வைத்திருந்த ஒருவர், நகரத்தின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சு விடுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடுகிறார். மற்றவர்களைச் சங்கரிக்கும் வேலை பரிசுத்த ஸ்தலத்திலேயே, அதன் முன் நின்ற மூப்பர்களிடமிருந்தே தொடங்குகிறது.

பிற்கால ரபீமார் இந்த அச்சத்தை நுட்பமாகக் காத்தார்கள். தேவதூஷண வழக்கில் சாட்சிகள் நாமத்துக்குப் பதிலாக வேறு சொல்லை வைத்தே பேச வேண்டும் என்றும், கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மூத்த சாட்சி மட்டும் கேட்டதை அப்படியே சொல்லும்போது நீதிபதிகள் எழுந்து வஸ்திரத்தைக் கிழிக்க வேண்டும் என்றும் மிஷ்னா விதிக்கிறது. நாமத்தை இழிவுபடுத்துவதற்கு எடுத்துக்காட்டு எது என்ற கேள்விக்கு, ராவ் என்னும் அறிஞர் தம்மையே காட்டியதாகத் தால்மூத் கூறுகிறது: கசாப்புக் கடையில் இறைச்சி வாங்கிவிட்டு நான் உடனே காசு கொடுக்காமல் போனால் அதுவே போதும் என்றாராம்.

பவுலும் இதே திசையில்தான் போகிறார். நியாயப்பிரமாணத்தைப் போதித்துக்கொண்டே மீறுகிறவர்களாலேயே புறஜாதியாரிடையே நாமம் தூஷிக்கப்படுகிறது என்று ரோமருக்கு எழுதுகிறார். கொலோசெயருக்கு எழுதிய நிருபம் பொருளாசையையே விக்கிரக ஆராதனை என்கிறது. இயேசுவும் ஸ்தேவானும் தேவதூஷணக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. நாமத்தைக் காக்கிறோம் என்று கல்லெடுத்தவர்களே அன்று பிழை செய்தார்கள்.

ஆகவே இந்த வசனங்களை அயலாரின் வழிபாட்டை ஏசுவதற்கு எடுப்பவர் அவற்றின் முனையைத் திருப்பிப் பிடிக்கிறார். சபையின் கணக்குப் புத்தகம், வேலையாளுக்குக் கொடுக்கவேண்டிய கூலி, பிரசங்கியாரின் வாக்கு ஆகியவையே முதலில் நிறுக்கப்பட வேண்டியவை. எசேக்கியேலின் 36-ஆம் அதிகாரத்தில் தேவன் தம் நாமத்தைப் பரிசுத்தப்படுத்துவது சிதறிப்போனவர்களைக் கூட்டிச் சேர்த்து, கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுப் புது இருதயம் கொடுப்பதன் மூலமே. நியாயத்தீர்ப்பின் நோக்கம் அந்தச் சுத்திகரிப்பு. அதற்கு முதலில் இணங்கவேண்டியது நாமத்தைச் சுமக்கும் நாமே.