உறைபனியில் ஒரு பானை சூப்

அந்த சூப்பைப் பற்றி வீட்டில் சொல்லி, ஆபீஸில் சொல்லி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். இன்னும் மனசு அடங்கவில்லை. உங்களிடமும் சொல்லியே ஆகணும்!

ஜனவரி மாசம், பொங்கலுக்கு முந்தைய வாரம். ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்திப் பள்ளத்தாக்கில் என் சித்தப்பா குத்தகைக்கு எடுத்திருக்கும் கேரட் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் மேட்டுப்பாளையத்து வெயிலில் வளர்ந்தவன். எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் மார்கழிக் காலையில் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் தீர்ந்துபோகிற குளிர்தான். மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னால் சித்தி கதவைத் தட்டினார். “கண்ணு, எந்திரி சாமி. பனி விழுந்துகெடக்குது, வந்து பாரு!”

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டார்ச் வெளிச்சம் போகிற தூரம் வரைக்கும் புல்லெல்லாம் கல்லுப்பைப் பொடித்துத் தூவினது மாதிரி வெள்ளை வெளேரென்று மின்னுகிறது, கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், ஜீப் கண்ணாடியை நகத்தால் சுரண்டினால் வெள்ளைத்தூள் உதிர்கிறது, வாசலில் வைத்திருந்த வாளித் தண்ணீர் மேலே ஒரு கண்ணாடித் தகடு! அந்தத் தகட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, “சித்தி, ஐஸ்! சித்தி, ஐஸ்!” என்று முப்பத்தெட்டு வயசில் வீட்டுக்குள் ஓடினேன். எனக்கு வெட்கமே இல்லை. நீங்களும் ஓடியிருப்பீர்கள்.

மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும், கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும், அதனால்தான் மேட்டில் இருக்கிற தோட்டம் தப்பித்தாலும் நம்ம தோட்டம் மாட்டிக்கொள்ளும் என்றார் சித்தப்பா. வெயில் ஏறுவதற்குள் பனியைக் கரைத்துவிடணும், இல்லாவிட்டால் தழை கருகிவிடும் என்று ஸ்ப்ரிங்க்ளரைத் திறந்துவிட ஓடினார். அந்தப் பக்கத்துப் பாத்தியில் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று மணியிலிருந்தே கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அக்கா, விறைத்துப்போன விரல்களை வாய்க்கிட்டே வைத்து ஊதி ஊதிப் பிடுங்கினார். அதைப் பார்த்த நிமிஷத்தில் முடிவு பண்ணிவிட்டேன். “சித்தி, இன்னைக்கு அடுப்பு எனக்கு. எல்லாருக்கும் சூப்!”

முந்தின நாள் சாயங்காலம் ஊட்டியில் வாங்கி வந்திருந்த இரண்டு கிலோ நெஞ்செலும்பு இருந்தது. சீகை விறகை வைத்து அடுப்பை மூட்டினேன். அம்மியில் மிளகு, சீரகம், கொத்தமல்லி விதையை நச்சு நச்சென்று தட்டி, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டையும் தட்டி வைத்தேன். பூண்டைத் தட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே விடணும், தட்டின பிறகுதான் அந்தக் காரமே பிறக்கிறது. பெரிய பானையில் எலும்பு, மஞ்சள்தூள், தண்ணீர். குக்கரில் வைத்தால் சீக்கிரம் முடியும் என்றார் சித்தி. நான் மாட்டேன் என்றேன். இவ்வளவு உயரத்து ஊரில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பானையில் எதுவுமே வேக நேரமாகும். ஆகட்டுமே! எலும்பின் ஜவ்வெல்லாம் பொறுமையாகக் கரைந்து இறங்கட்டும், எனக்கென்ன அவசரம், வெளியே பனி, உள்ளே நெருப்பு, முகமெல்லாம் சூடு, முதுகெல்லாம் ஜில்!

இப்போது கேரட்டுக்கு வருகிறேன். ஐயோ, அந்தக் கேரட்! பாத்தியிலிருந்து நானே பிடுங்கி, மண்ணைத் துடைத்து, ஒரு கடி கடித்தேன். பல் கூசுகிற குளிர்ச்சி, ‘மடக்’கென்று ஒரு சத்தம், அப்புறம் கரும்பு மாதிரி ஓர் இனிப்பு! குளிர் ஏற ஏற, தான் உறைந்துபோகாமல் இருக்க இந்தக் கிழங்கு தனக்குள்ளே சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளுமாம். அப்படியென்றால் எங்களை நடுங்கவைத்த அதே பனிதான் பானைக்கு இனிப்பையும் போட்டிருக்கிறது! இதெல்லாம் இந்த மலையின் பழைய பயிர்கூட இல்லை, 1819-இல் மலையேறி வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வந்துசேர்ந்த ‘இங்கிலீஷ் காய்’தான். இன்றைக்கு அந்த மண்ணிலேயே பிறந்த மாதிரி வளர்கிறது. ஒரு கூடை கேரட், நாலு உருளைக்கிழங்கு, இரண்டு டர்னிப், லீக்ஸ் கட்டு ஒன்று, எல்லாம் நறுக்கி உள்ளே தள்ளினேன்.

பிடுங்கின கேரட்டை ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கு லாரி கிளம்பியது. எல்லோரும் அடுப்பைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். மூடியைத் திறந்தேன் பாருங்கள், மிளகும் பூண்டும் விறகுப்புகையும் கலந்த ஆவி குப்பென்று கிளம்பி ஓடு வரைக்கும் போய் முட்டியது, பொன் நிறத்தில் சின்னச் சின்ன எண்ணெய் வட்டங்கள் மேலே மிதக்கின்றன, கேரட் துண்டு ஒவ்வொன்றும் தணல் மாதிரி ஜொலிக்கிறது, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கையில் வாங்கினால் விரல் நுனியில் செத்துக்கிடந்த உணர்ச்சி சுருக்சுருக்கென்று திரும்புகிறது, முதல் வாய் உறிஞ்சினேன், நாக்கில் இனிப்பு, தொண்டையில் காரம், நெஞ்சுக்குள்ளே யாரோ கணப்புச்சட்டியை இறக்கி வைத்த மாதிரி ஒரு சூடு மெதுவாக இறங்கி, வயிற்றில் பரவி, கால் கட்டைவிரல் வரைக்கும் போனது, சத்தியமாகப் போனது, உதடு இரண்டும் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கிறது, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது! உப்பு ஒரு சிட்டிகை கம்மிதான். அதனால் என்ன? டீக்குத் தொட்டுக்கொள்கிற ஊட்டி வர்க்கியை சூப்பில் முக்கித் தின்றேன், அந்த உப்பும் சரியாகிவிட்டது.

விரலை ஊதிக்கொண்டிருந்த அந்த அக்கா டம்ளரைக் கன்னத்தில் ஒத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, “இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களா தம்பி?” என்றார். இருந்தது. மூன்றாவது தடவையும் ஊற்றினேன்.

மறுநாள் சித்தி எழுப்பவில்லை. நாலரை மணிக்கு நானே எழுந்து, கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தது. நேராக அடுப்படிக்குப் போனேன்.