நெடுநாள் உழைத்தால் போதுமா?

திருப்பூரில் மலைச் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் பேட் மாற்றப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "இது எத்தனை நாளைக்கு வருங்க?" கடைக்காரரிடம் பதில் தயாராக இருக்கும்: "மெட்டல் போட்டுக்குங்கண்ணா, லேசுல தேயாதுங்க." நிட்டிங் மெஷின் ஊசி முதல் தையல் மெஷின் பெல்ட் வரை எதையும் உழைப்பைப் பார்த்தே வாங்கிப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் சைக்கிளுக்கும் வந்ததில் வியப்பில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் பிரேக் பேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதையே முதல் அளவுகோலாக வைத்தால், எந்த இறக்கத்தில், எவ்வளவு சூட்டில், எந்தத் தட்டின் மேல் அது தேயப்போகிறது என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. உயிரோடு தொடர்புள்ள கேள்விகள் அவைதான்.

சந்தையில் கிடைக்கும் பேடுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கும். ரெசின் அல்லது ஆர்கானிக் எனப்படுபவை இழை, ரப்பர், கிராஃபைட் போன்றவற்றை ஒருவகைப் பிசினில் கலந்து, சூடேற்றி இறுக்கியவை. மெட்டல் அல்லது சின்டர்டு எனப்படுபவை செம்பு, இரும்பு போன்ற உலோகப் பொடிகளை முழுதாக உருகவிடாமல், சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று பிணைத்தவை. ரெசின் சத்தம் போடாது. குளிர்ந்திருக்கும்போதே முதல் தொடுதலில் பிடிக்கும். தட்டை அதிகம் அரிக்காது. சேற்றிலும் மழையிலும் மட்டும் சோப்பைப் போலக் கரையும். நீண்ட இறக்கத்தில் சூடு ஏறினால் பிடி தளரும், மேற்பரப்பு பளபளத்துக் கெட்டியாகிவிடும். மெட்டல் இதற்கு ஏறக்குறைய எதிர். ஈரத்துக்கும் சூட்டுக்கும் அசையாது, நீண்ட நாள் வரும். ஆனால் கிரீச்சிடும், குளிரில் பிடி சற்று மந்தம், தட்டையும் தின்னும்.

பிடிப்பதும் சூடு தாங்குவதும் வேறு வேறு குணங்கள். பிரேக்கின் வரலாறே அதைக் காட்டுகிறது, அந்த வரலாற்றின் தொடக்கத்தில் பருத்தி இருக்கிறது என்பது திருப்பூருக்குப் பிடித்தமான செய்தி. 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் ஃபெரோடோ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது. வண்டிச் சக்கரங்களுக்கு அவர் முதலில் செய்த லைனிங், பருத்தித் துணிப் பட்டையைத் தார்க் கரைசலில் ஊறவைத்தது. பருத்தி நன்றாகப் பிடித்தது. மோட்டார் வண்டிகளின் சூட்டைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. 1908 வாக்கில் கல்நார் அந்த இடத்துக்கு வந்தது. அது நுரையீரலைக் கெடுப்பது உறுதியானபின் உலகம் வேறு இழைகளைத் தேடியது. 1965-இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி குவோலெக்கின் ஆராய்ச்சியில் பிறந்த கெவ்லார் அவற்றில் ஒன்று. இன்று பல ரெசின் பேடுகளுக்குள் இருப்பது அந்த இனத்து அராமிட் இழைதான். பருத்தி தோற்ற அதே சூட்டைத்தான் இன்றைய பேடுகளும் எதிர்கொள்கின்றன.

அந்தச் சூட்டைக் கிளப்பும் இறக்கங்கள் திருப்பூருக்குத் தூரமில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் குன்னூர், கோத்தகிரி. பொள்ளாச்சியைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகளோடு வால்பாறைச் சாலை. மாவட்டத்துக்குள்ளேயே உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு ஏறலாம். குன்னூரையே எடுத்துக்கொள்வோம். நீலகிரி மலை ரயிலின் கணக்குப்படி மேட்டுப்பாளையம் நிலையம் சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் நிலையம் சுமார் 1,711 மீட்டரில். சைக்கிளும் ஆளுமாக 85 கிலோ என்றால், அந்த 1,385 மீட்டர் இறங்குகையில் வெளியாகும் ஆற்றல் ஏறக்குறைய 1,150 கிலோஜூல். மூன்றரை லிட்டர் தண்ணீரைப் பச்சைத் தண்ணீராக வைத்துக் கொதிக்கவிடப் போதுமான ஆற்றல் அது. ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்கின்றன. மீதி முழுவதும் நான்கு சிறு பேடுகளும் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளும் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பயந்து, மெதுவாக, லீவரை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்குகிறவரின் பிரேக்தான் அதிகம் வேகிறது. வேகம் குறையக் குறையக் காற்று வாங்கிக்கொள்ளும் பங்கும் குறைகிறது அல்லவா. இதே மலையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரத் தண்டவாளத்தில் இறங்கும் ரயிலில், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று தனித்தனியாகப் பிரேக் பிடிக்கிறார். இறக்கத்தின் பளுவைப் பிரித்துச் சுமக்க வேண்டும் என்று அந்தப் பாதையைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கே கடைக்காரரின் அறிவுரை முழுக்கச் சரி. குன்னூர் இறங்குகிறவருக்கு, அதுவும் ஐப்பசி மழையில் இறங்குகிறவருக்கு, மெட்டல் பேடே பொருத்தம். ஒரு சங்கதியை மட்டும் அவர் சொல்வதில்லை. உலோகம் சூட்டை நன்றாகக் கடத்தும். ரெசின் பேடில் சூடு மேற்பரப்பிலேயே பெரிதும் நின்று பேடைக் கெடுக்கிறது. மெட்டல் பேடில் அது பிஸ்டன் வழியாகக் காலிப்பருக்கும் உள்ளே உள்ள எண்ணெய்க்கும் போகிறது. ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் பழையதாகி, அதில் காற்றோ ஈரமோ சேர்ந்திருந்தால், பேட் நன்றாக இருக்கும்போதே லீவர் பஞ்சுபோல் உள்ளே போய்விடும். ஆகவே மலைக்கென்று மெட்டல் மாற்றுகிறவர் எண்ணெயையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்த எண்ணெய் என்பதில் தவறவே கூடாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகள் மினரல் ஆயிலில் ஓடுபவை. ஸ்ராம் பிரேக்குகள் நெடுங்காலம் டாட் திரவத்தில் ஓடின, அண்மை மாடல்கள் சில மினரல் ஆயிலுக்கு வந்திருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் கெடும்.

ஆனால் திருப்பூர்ச் சைக்கிள்கள் ஆண்டில் எத்தனை நாள் குன்னூர் இறங்குகின்றன? பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் அவை ஓடுவது அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்து இட்டேரிகளிலும் பி.ஏ.பி. வாய்க்கால் கரைகளிலும்தான். மேடு என்றால் ஊத்துக்குளிப் பக்கக் குன்றுகள், காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட நிலம். இந்த ஓட்டத்தில் தட்டு சூடேறவே வாய்ப்பில்லை. ஒரு மாடு குறுக்கே வரும், ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வளைவில் திரும்பும். சட்டென்று ஒருமுறை பிடித்தால் போதும். அப்படிப்பட்ட பிடிக்கு ரெசின்தான் கைவந்தது. இங்கே மெட்டல் போட்டவருக்குக் கிடைப்பது கிரீச்சொலியும் தேய்ந்த தட்டும். மறுதரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் கிளப்பும் புழுதி ரெசினை வேகமாகத் தேய்க்கும். அந்த மாதங்களில் பேட் சீக்கிரம் போனால் அதைப் பேடின் குறையாக எண்ணிவிடக் கூடாது.

உழைப்பை மட்டும் பார்க்கும் பழக்கத்தின் பெருங்குறை தட்டில்தான் வெளிப்படுகிறது. ஷிமானோவின் விலை குறைந்த ரோட்டார்கள் பலவற்றில், ஆர்டி10, ஆர்டி26, ஆர்டி30, ஆர்டி54 போன்றவற்றில், 'ரெசின் பேட் ஒன்லி' என்று ஆங்கிலத்தில் பொறித்தே இருக்கும். அவற்றின் எஃகு மெட்டல் பேடின் அரிப்பைத் தாங்கும் வன்மை கொண்டதல்ல. நடுத்தர விலை மலைச் சைக்கிள்களில் பரவலாக வருபவை இத்தகைய தட்டுகளே. ஷிமானோ தட்டு புதிதாக 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5-க்கு இறங்கினால் மாற்ற வேண்டும். இடையில் இருப்பது வெறும் 0.3 மில்லிமீட்டர். அந்த இடைவெளியை மெட்டல் பேட் விழுங்கிவிட்டால், பேடில் மிச்சம் பிடித்த காசு தட்டில் போகும். மெல்லிய தட்டு சூட்டில் நெளியவும் செய்யும். இத்தனைக்கும் அந்த மூன்று சொற்களைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பேடை விற்கும் முன் தட்டின் மேல் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்வது கடையின் கடமை. அதைச் செய்யாத கடையில், வாங்குகிறவர் தாமே குனிந்து படிக்க வேண்டும்.

கடைகளின் ஒரு பழக்கத்தைப் பாராட்டியாக வேண்டும். பழைய பேடைக் கழற்றிக் கையில் வைத்து, புதியதை அதன்மேல் வைத்துப் பார்ப்பது. பிரேக் பேடுக்குப் பொது அளவு கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு காலிப்பர்களுக்கே வடிவம் மாறும். அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்குவதைவிடக் கண்ணெதிரே பொருத்திப் பார்ப்பது மேல். ஷிமானோவின் பி01எஸ், பி03எஸ், பி05எஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஒரே வடிவ ரெசின் பேடுகள். டெக்ட்ரோ காலிப்பர்கள் சிலவற்றுக்கும் இவ்வடிவம் பொருந்தும். இது தெரிந்த மெக்கானிக் வாடிக்கையாளரை அலையவிடுவதில்லை. ஆனால் வடிவம் பொருந்துவதோடு இந்த முறையின் எல்லை முடிகிறது. உள்ளே என்ன கலவை என்று எழுதாத, பெயரில்லாத பேடும் வடிவத்தில் கச்சிதமாகப் பொருந்தும். கலவை தெரியாத பேடை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. இதில் விலையைப் பேசுவதற்கே இடமில்லை.

தட்டைத் துடைக்கும் துணியிலும் கவனம் வேண்டும். பனியன் வேஸ்ட்டை நாடெங்கும் அனுப்பும் ஊரில் சைக்கிள் துடைக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. கம்பெனியில் மெஷின் துடைத்த துணியே வீட்டுக்கும் வந்துவிடுகிறது. நிட்டிங் மெஷினுக்கு ஊற்றும் எண்ணெய் செயினுக்கும் போகிறது. அந்த எண்ணெயில் ஒரு துளி தட்டில் பட்டால் ரெசின் பேட் உறிஞ்சிக்கொள்ளும், பிடி செத்துவிடும். கைக்கு வழவழவென்றிருக்க ஃபினிஷிங்கில் சிலிகான் சாஃப்ட்னர் ஏற்றிய துணியையும் தட்டருகே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. எண்ணெய் படாத, துவைத்த பருத்தித் துணியும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் போதும். எண்ணெய் குடித்த பேடை அடுப்பில் காட்டிச் சுட்டெடுக்கும் வைத்தியம் பல இடங்களில் நடக்கிறது. மேலே உள்ள எண்ணெய் எரிந்து சில நாள் பிடி திரும்பியது போலவும் தோன்றும். ஆழத்தில் இறங்கியது அங்கேயே இருக்கும், பிணைத்து நிற்கும் பிசினும் தீயில் கெடும், புகையோ சமையலறைக்கு ஆகாது. பளபளத்துப்போன பேடை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மீட்கலாம். எண்ணெய் குடித்ததைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

புதுப் பேடைப் பழக்காமல் ஓட்டுவதும் அதே அளவு கேடு. பேடின் மெல்லிய படலம் ஒன்று தட்டின்மேல் சீராக ஏறினால்தான் முழுப் பிடி வரும். அதற்கு மிதமான வேகத்திலிருந்து நடைவேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது முறையாவது பிடித்து விட வேண்டும். முன்னும் பின்னும் தனித்தனியாக. ரெசினிலிருந்து மெட்டலுக்கோ மறுபடியும் ரெசினுக்கோ மாறும்போது பழைய படலத்தைத் துடைத்துவிட்டு இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சனிக்கிழமை இரவு கடையில் பேட் மாற்றிவிட்டு ஞாயிறு விடியலில் கோத்தகிரியில் நிற்கும் வழக்கம் ஆபத்தானது, புதுப் பேட் முதல் வளைவிலேயே ஏமாற்றக்கூடும்.

இரண்டும் கலந்த செமி மெட்டல் பேடைப் பலர் சமாதானத் தீர்வாகச் சொல்கிறார்கள். சமவெளியும் மலையும் சம அளவில் ஓட்டுபவருக்கு அது உதவும், தட்டு அனுமதித்தால். மற்றவர்களுக்கு வேறு வழி மேல். தட்டு ரெசினுக்கு மட்டும் உரியதென்றால் ரெசினிலேயே இருந்து, மலைக்கு முன் புதுப் பேட் போட்டு, இறக்கத்தில் இடையிடையே நின்று ஆற விடலாம். அடிக்கடி மலைக்குப் போகிறவர் முதலில் தட்டை மாற்ற வேண்டும், பிறகு பேடை. ஃபோர்க் இடம் கொடுத்தால் முன் தட்டை 160-லிருந்து 180 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்குவது, பேடின் வகையை மாற்றுவதைவிடப் பல நேரங்களில் அதிகப் பலன் தரும்: அதே அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி, சூட்டை ஆற்ற இன்னும் பெரிய பரப்பு.

எப்போது மாற்றுவது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஷிமானோ பேடில் தேயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்ததும் அதன் ஆயுள் முடிந்தது. ஸ்ராம் பின்தகட்டையும் சேர்த்து மொத்தம் 3 மில்லிமீட்டர் என்கிறது. மேட்டுப்பாளையத்தில் டீக்கு நிற்கும்போதே சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அங்கேயே மாற்றிப் பழக்கிவிட்டு ஏறுவதே சரி. குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் அந்த ஒரு மில்லிமீட்டர் ரெசின் கல்லாறு வரை தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.